வெளிச்சத்தில் பேசிய கம்பெனி

வெளிச்சத்துக்கு வாய் உண்டு என்று நம்பி, அதற்குச் சம்பளமும் வாங்கிய கூட்டம் நாங்கள். மேகம் கறுத்தால் வயிறு கலங்குகிற தொழில் பார்த்தவர்களுக்கு, அதாவது செங்கல் சூளை வைத்தவர்கள், அப்பளம் காயப்போட்டவர்கள், கல்யாணப் பந்தல் போட்டவர்கள் ஆகியோருக்கு, நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள்தான் என் சொந்த பந்தம். ஆனால் உங்களுக்காவது வெயில் வந்தால் பிழைப்பு உண்டு. எங்களுக்கு மழையும் ஆகாது, பனியும் ஆகாது, வெயிலும் ஆகாது.

எழுபதுகளின் ஆரம்பம். பாலிடெக்னிக் முடித்த கையோடு பம்மலில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். சுற்றிலும் தோல் ஷெட்டு. நாற்றம் புடவையோடு வீட்டுக்கு வரும். அங்கே நாங்கள் செய்தது ராணுவத்துக்கான லேசர் பேச்சுக் கருவி. ஊசி மாதிரி மெல்லிசான சிவப்பு வெளிச்சம். அதன் மேல் குரலை ஏற்றி இந்தப் பக்கம் அனுப்பினால், அந்தப் பக்கம் ஒரு பெட்டி அதைப் பிடித்துத் திரும்பவும் குரலாக்கும். அனுப்பும் பெட்டி பம்மல் குன்றின் மேலே. வாங்கும் பெட்டி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மொட்டை மாடியில். ராணுவம் ‘சரி’ என்றால் கம்பெனி பிழைக்கும், இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பல்பு

ராணுவ சமாசாரம், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். கல்யாண வயதில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்ல முடியாத அம்மாவின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். அம்மா யோசித்து யோசித்து, ‘லைட் கம்பெனி’ என்று சொல்ல ஆரம்பித்தாள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அதைக் கேட்டதும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ‘ஓ, எலக்ட்ரீஷியனா’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். போகட்டும், சனியன் விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் கிரேஸ் அக்கா ஓடி வந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஏதோ ஒன்றை என் கையில் பொத்தினாள். பிரித்தால், ஃப்யூஸ் போன நாற்பது வாட் பல்பு. “ரெஜி, ஒரு வாரம்கூட எரியலடி. உங்க கம்பெனிதானே? மாத்திக் குடுத்துடு.”

அறுந்த கம்பி

எங்கள் இன்ஜினியர் தேவசகாயம் சார். கம்பெனிக்கு மூளை அவர்தான், கையும் அவர்தான். நிரந்தரமான சர்க்கார் வேலையை உதறிவிட்டு இந்த நாற்றத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவர். ஏன் சார் என்று கேட்டால் எரிந்து விழுவார். ஒரு ஐப்பசி மழையில் ஷெட்டை விட்டு யாரும் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டபோது, அவராகவே சொன்னார்.

அவருடைய தம்பி செல்வம், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் லைன்மேன். சண்டையில் வயர்லெஸ்ஸில் பேசினால் எதிரி ஒட்டுக் கேட்பான். அதனால் முக்கியமான பேச்செல்லாம் தரையோடு இழுத்த டெலிபோன் கம்பியில்தான். குண்டு விழுந்தால் முதலில் அறுவது அந்தக் கம்பி. அறுந்ததும் ஒருவன் அதைக் கையால் தடவிக்கொண்டே ஊர்ந்து போய், அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டு வர வேண்டும். அறுபத்தைந்து சண்டையில் செல்வம் அப்படிப் போனார். கம்பி சரியாகிவிட்டது. பேச்சுத் திரும்பவும் கேட்டதாம். ஆள் திரும்பவில்லை.

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். சார் பெட்டியின் மூடியைத் தட்டிச் சொன்னார்: “வெளிச்சம் அறுந்தா, அத ஒட்டுததுக்கு யாரும் ஊந்து போவாண்டாம் பாத்துக்கோ.”

சிவப்புப் புடவை

குன்றிலிருந்து நாலைந்து மைல் தள்ளி இருக்கும் ஒரு சின்ன லென்ஸில் அந்த வெளிச்சம் வந்து விழ வேண்டும். அந்தப் பக்கம் இம்மி அசைந்தால் இந்தப் பக்கம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். சரியாக விழுகிறதா என்று மாடியில் இருக்கிற எனக்குத்தான் தெரியும். அதைக் குன்றில் இருக்கிற சாருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் பெட்டி ஒருவழிப் பெட்டி, அவர் பேசலாம், நான் கேட்கலாம், அவ்வளவுதான். அதனால் துணி பாஷை ஒன்று வைத்திருந்தோம். கொடியில் சிவப்புத் துணி போட்டால் வலது பக்கம் திருப்பு, நீலம் போட்டால் இடது, வெள்ளை போட்டால் சரியாகிவிட்டது. சார் பைனாகுலரில் பார்த்துத் திருப்புவார்.

மாடி, சரோஜா டீச்சருடையது. ஒரு நாள் நான் வெள்ளை வேட்டியைப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோது, டீச்சர் மேலே வந்து, வேட்டியை மறைக்கிற மாதிரி பக்கத்துக் கொடியில் அலசிய சிவப்புப் புடவையைக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டார். பாவம் சார், ‘இன்னும் வலது, இன்னும் வலது’ என்று திருப்பித் திருப்பி வெளிச்சத்தைக் குரோம்பேட்டை முழுக்க ஊர்வலம் விட்டிருக்கிறார். அன்றைய காலை வீண். எனக்கு வந்த கோபத்தில், “ஏன் டீச்சர், கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “பேசறதுக்கு நீங்க வெளிச்சம் வெச்சிருக்கீங்க, சரி. துணி காயப்போடறதுக்கு நான் என்ன வேற மாடியா வெச்சிருக்கேன்?”

வேட்டு

வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் கிளம்பும். வெளிச்சம் சாமி வந்த மாதிரி ஆடும், குரல் துண்டு துண்டாக வரும். ஆகவே எங்கள் தொழிலுக்கு நல்ல நேரம் விடியற்காலைதான். காற்று அசையாது, கானல் கிடையாது. அதற்குப் பிறகு செய்கிற சோதனையெல்லாம் சும்மா பெயருக்கு.

அதற்கும் ஒரு பேஜார் உண்டு. குன்றுக்குப் பக்கத்தில் கல்குவாரி. சிவப்புக் கொடி காட்டி, விசில் ஊதி, வேட்டு வைப்பார்கள். ‘டம்’ என்றதும் வெள்ளையாகத் தூசி எழும்பும். என் காதில் சாரின் குரல் அப்படியே அமுங்கிப்போகும். தூசி அடங்குகிறவரை நாங்கள் பெட்டியை அணைத்துவிட்டு டீ குடிப்போம். அது எங்களுக்குப் பழகிப்போய், வேலையில் ஒரு பாகமே ஆகிவிட்டது. சாரோடு குன்றில் நிற்கிற மெக்கானிக் கன்னியப்பன் பம்மல்காரன், வாயை அடக்கத் தெரியாதவன். அவன்தான் ஒரு நாள் ஷெட்டுக்குத் திரும்பிய பிறகு கேட்டான்: “ஏன்க்கா, சண்டையில அவன் வேட்டு போட்டா, தூசி அடங்கற வரிக்கும் நம்ம ஆளு டீ குட்சிக்கினு குந்திக்கினு இருப்பானா?”

நான் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை.

மேஜர் வந்தார்

எங்கள் தலையெழுத்து ஒரு மேஜர் கையில் இருந்தது. வேலூர்க்காரர். நல்ல மனுஷன், அதட்டிப் பேச மாட்டார். கருவியைப் பார்க்க முதல்முறை வந்தபோது இரண்டு சிப்பாய்களையும் ஒரு பெரிய கம்பிச் சுருளையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார். மாடிக்கும் குன்றுக்கும் நடுவே டெலிபோன் கம்பி இழுக்கச் சொன்னார். “உங்க துணி பாஷையெல்லாம் எனக்கு வேண்டாம்மா, நான் நேரா பேசிக்கறேன்” என்றார். சிப்பாய்கள் சாலையோர மரங்களில் கம்பியைத் தூக்கிப் போட்டபடி போனார்கள். அவர்கள் கம்பியை உருவுகிற கைகளையே தேவசகாயம் சார் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சுக் கொடுத்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.

வெளிச்சம் வேலை செய்தது. ஆனால் அதை நேராக நிறுத்துவதற்குள் மேஜர், ‘வலது, வலது, போதும், கொஞ்சம் இடது’ என்று அந்த டெலிபோனில் கத்தித் தீர்த்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் டெலிபோனைக் கீழே வைத்தார். சார் குன்றிலிருந்து வந்து சேர்ந்ததும், முகத்தில் கேலியே இல்லாமல், நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார்: “இத நேரா நிறுத்தவே ஒரு டெலிபோன் வேணும்னா, அந்த டெலிபோன்லயே பேசிடலாமே சார்?”

ஏலே செல்வம்

அந்தக் கேள்வி சாரைப் படுத்தி எடுத்துவிட்டது. ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியின் மேல் துப்பாக்கிக்கு இருப்பது போல ஒரு டெலஸ்கோப்பைப் பொருத்தினார். மறுமுனையில் ஒரு கண்ணாடிச் சில்லு வைத்தால் போதும், அதில் பட்டுத் திரும்பி வருகிற சிவப்புப் புள்ளியைப் பார்த்து ஒரே ஆள் நேராக்கிவிடலாம். கம்பியும் வேண்டாம், துணியும் வேண்டாம். செய்தே விட்டார் மனுஷன்.

முதல்முதலாக அப்படிச் செய்து பார்த்த விடியற்காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அவர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுவார். அன்றும் எண்ணினார். பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு துல்லியம், மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். பிறகு, ரொம்ப மெதுவாக, “ஏலே செல்வம், கேக்காலே?” என்றார்.

நான் கேட்பேன் என்பதை அந்த நிமிஷம் மறந்துவிட்டாரோ என்னவோ. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. கேட்கிறது சார் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன பிரயோஜனம், நாலு மைல். ஓடிப்போய் வெள்ளை வேட்டியை எடுத்துக் கொடியில் விரித்துப் போட்டேன். காபி டம்ளரோடு மேலே வந்த சரோஜா டீச்சர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார். “ஏம்மா அழற, மிஷின் கெட்டுப் போச்சா?”

தோதான நாள்

மேஜருக்கும் திருப்தி. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் ஜனவரியில் வருகிறார்கள், அவர்கள் முன்னால் ஒரு தரம் செய்து காட்டினால் போதும், எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். சார் எங்களைக் கூட்டிவைத்துக் கேட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டாமா? பொங்கலுக்கு அப்புறம் வைத்தால் பண்டிகை முழுக்க வயிற்றில் நெருப்புத்தான். “போகி அன்னிக்கே முட்சிடலாம் சார், அப்பால நிம்மதியாக் கீலாம்” என்றான் கன்னியப்பன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். வாயைத் திறந்து போகி என்றே சொன்னான் பாருங்கள், ஒருத்தர் காதிலும் அது விழவில்லை. லீவு என்று மட்டும்தான் விழுந்தது.

சார் திருநெல்வேலிப் பக்கம். அவர் ஊரில் போகிக்குக் கொளுத்துகிற வழக்கம் கிடையாது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாலேயே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார், சென்னைப் போகியை அவர் பார்த்ததே இல்லை. அந்த வாரம் கம்பெனியும் மூடிக் கிடக்கும், அன்றைக்கு ஒரு சோதனையும் நடந்ததில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாம்பரத்திலேயே பிறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போகிக்குப் போகி எழுந்த எங்களுக்கு என்ன கேடு வந்தது? விடியற்காலை, காற்று அசையாத நேரம், வழக்கமான நேரம் என்று சார் குறித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “அன்னைக்கு ஆபீசு, பள்ளிக்கூடம் எல்லாம் லீவாம்லா? நல்லதாப் போச்சு, ஒரு தொந்தரவும் இருக்காது.”

போகி

அன்று விடிவதற்கு முன்னால் மாடி ஏறிப் பார்த்தேன். தெருவுக்குத் தெரு நெருப்பு. பாய், துடைப்பம், கிழிந்த தலையணை, முறம், சைக்கிள் டயர். பம்மல் பக்கம் தோல் துண்டையும் சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் போகி மேளத்தைக் கொட்டித் தீர்த்தார்கள். காற்று அசையவில்லை. நாங்கள் கேட்ட மாதிரியே, ஒரு இலைகூட அசையவில்லை. புகை அத்தனையும் பனியோடு சேர்ந்து கூரை மட்டத்துக்கு அப்படியே படுத்துக்கொண்டது. குன்று இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அதிகாரிகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஹெட்போனை அவர்களில் பெரியவர் காதில் மாட்டினேன். ‘உஸ்’ என்ற இரைச்சல், அதற்கு மேல் எதுவும் இல்லை. முந்தின நாளே பெட்டியை நேராக்கிவைத்ததை நம்பி, அந்தப் பக்கம் சார் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டுதான் இருப்பார், தன் குரல் வந்து சேரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு அதை நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. கீழே ஓடினேன். சரோஜா டீச்சர் வாசலிலேயே பாய் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றப் போன என் கையைப் பிடித்துவிட்டார். “வருஷம் பூரா மாடிய உங்களுக்கு விட்டேன். இன்னிக்கு ஒரு நாள் என் வாசல்ல என் பாயக் கொளுத்தக்கூடாதா?” அவர் சொன்னதில் என்ன தப்பு? அப்படியே ஒரு பாயை அணைத்தாலும் ஊரை அணைக்க முடியுமா?

பெரியவர் இருமிக்கொண்டே மணியைப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார். மேஜர் மட்டும் நின்றார். வெயில் ஏறிய பிறகு, கன்னியப்பனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சார் வந்து சேர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்து, சட்டையெல்லாம் கரி. படியேறும்போதே, “கேட்டுச்சா? கேட்டுச்சால்லா?” என்றார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது. மேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “இது ஒரு நாள் கூத்து சார். வருஷத்துல ஒரே ஒரு நாள். நாளைக்குப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்.” மேஜர் அந்தக் கையை விடவே இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “அங்க எங்களுக்குத் தினமும் போகிதான் சார்.”

லைன்

கம்பெனி அந்தக் கோடையில் மூடப்பட்டது. கன்னியப்பன் பல்லாவரத்தில் சைக்கிள் கடை வைத்தான். சார் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கப் போனார். எனக்கு வேறு என்ன தெரியும்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. ஹெட்போன் பழகிய தலைதானே. ரிப்பேர் புகார் வாங்குகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘லைன் டெட், லைன் டெட்’ என்று ஊரே என்னைத் திட்டும். கேட்டு எழுதி, லைன்மேனை அனுப்புவதுதான் என் வேலை.

ஒரு கார்த்திகை மாதம், புயல் மழை. ஏதோ ஒரு கடையிலிருந்து பேசியவர், பள்ளிக்கூடத்து டெலிபோன் செத்துக் கிடக்கிறது என்று நம்பரைச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தக் காலத்தில் எண்ணுவது போலவே அவர் நம்பர் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. “சார், நான் ரெஜினா” என்றேன். அவர் என் பெயரை ஒரு தரம் திருப்பிச் சொன்னார். கம்பத்தில் கம்பி அறுந்து தொங்குகிறது என்றார். இப்போதே ஆளை அனுப்புகிறேன் சார், உங்களுக்குத்தான் முதல் என்றேன். “வேண்டாம்மா, ஒரு அவசரமும் இல்ல. மழ விட்டப் பொறவு அனுப்பு. ஒட்ட வாரவன் பத்திரமா வந்து, பத்திரமாத் திரும்பிப் போவட்டும்.”

வெளிச்சத்தில் பேசிக் காட்டுகிறோம் என்று கிளம்பிய நாங்கள் இரண்டு பேரும் கடைசியில் மனம் விட்டுப் பேசிக்கொண்டது, ஊர் உலகத்தைப் போல, யாரோ ஒருத்தன் ஒட்டிவைத்த கம்பியில்தான்.